மயங்கும் உயிரணு

செர்மானியக் கண் மருத்துவர் ஹிப்பெல் என்பார், விழித்திரையில் இரத்தக் குழாய்கள் திரண்டு கட்டியாகும் நோயை 1904-ஆம் ஆண்டில் விளக்கினார். அந்நோயினர்க்குச் சிறுமூளையிலும் கட்டி தோன்றுதலை 1926-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லிண்டாவ் காட்டினார். இருவர் பெயராலும் வழங்கும் இவ்வரிய நோய் சிறுநீரகத்தையும் தாக்கும். பெற்றோருள் ஒருவர்க்கு இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரச் சரிபாதி வாய்ப்புண்டு.

நோயுற்ற குடும்பத்தினர் மனமுவந்து அளித்த குருதியை ஆராய்ந்தோர், பழுதுற்ற மரபணுவை மூன்றாம் குரோமோசோமில் 1993-இல் கண்டனர். பிராணவாயு குறைந்தால் புதுக் குழாய்களை வளர்க்கத் தூண்டும் புரதம் ஒன்று உயிரணுவில் உண்டு. வாயு நிறைந்துள்ளபொழுது அதனை அழிப்பிப்பது இம்மரபணுவின் பணி. அப்பணி முற்றும் நின்றவிடத்து, உயிரணு வாயு நிறைந்திருந்தும் இல்லையென மயங்குகிறது. நீர் நிறைந்த வயலுக்கு மேன்மேலும் வாய்க்கால் வெட்டும் பேதையைப் போலக் குழாய்களைப் பெருக்குகிறது.

நெடுங்காலம் அறுவையே வழி. ஒன்றை அகற்றினால் மற்றொன்று முளைக்கும். ஒரே சிறுநீரகத்தில் எத்துணை முறைதான் கத்தி வைப்பது? அப்புரதத்தைத் தடுக்கும் பெல்சுடிஃபான் என்னும் மருந்தை, சிறுநீரகக் கட்டியுடைய 61 நோயாளிகள் ஏற்று ஆய்வுக்கு உட்பட்டனர். ஏறத்தாழப் பாதிப்பேர்க்குக் கட்டிகள் பெரிதும் சுருங்கின. அமெரிக்க அரசு 2021-இல் அம்மருந்துக்கு இசைவளித்தது. எனினும், செங்குருதி அணுக்களைப் பெருக்குவதற்கும் அப்புரதமே வேண்டும். ஆதலின் மருந்துண்டோருள் பெரும்பாலோர் சோகை நோயையும் தாங்க வேண்டியதாயிற்று.