பிரசங்க பீடம் நடுவில் இருந்த சபை

அன்புள்ள தங்கைக்கு,

பல இனத்தாரும் பல மொழிக்காரரும் சேர்ந்து ஆராதிக்கும் பெந்தெகொஸ்தே சபையொன்றைத் தொடங்கப் போகிறோம், ஜெபமும் அன்பும் இருந்தால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள் என எழுதியிருந்தாய். போதாது என்றே நினைக்கிறேன். இத்தகைய சபைகளுக்கு முன்னோடியான லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெரு சபையின் வரலாற்றைப் பார். மக்கள் அங்கே கூடியதற்கு எழுப்புதல் காரணம். கூடியவர்கள் சமமாக இருந்ததற்கு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் காரணம். அந்த ஏற்பாடுகளை யாருடைய தலைமையில், யாருடைய பொறுப்பில் காப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான் சபை உடைந்தது.

அதன் மேய்ப்பர் வில்லியம் சீமோர் 1870-இல் லூசியானாவில், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர். ஒரு கண்ணில் பார்வை இல்லை. 1906 தொடக்கத்தில் ஹூஸ்டனில் சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளையர் நடத்திய வேதாகமப் பள்ளியில் அவர் வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்துதான் பாடம் கேட்டார். இனப் பிரிவினை அங்கே அவ்வளவு கடுமை. பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். அழைத்த சபையே, ஆவியின் ஏவுதலால் அறியாத மொழியில் பேசும் அந்நியபாஷை பற்றிய அவருடைய போதனை பிடிக்காமல் கதவைப் பூட்டிவிட்டது. போனி பிரே தெருவில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் தொடர்ந்தது. ஏப்ரல் 9 அன்று அங்கே அந்நியபாஷை பேசப்பட்டது. சில நாட்களிலேயே வீடு கூட்டத்தைத் தாங்கவில்லை. அசூசா தெருவில், முன்பு கறுப்பின மெதடிஸ்டு ஆலயமாக இருந்து பின்பு குதிரை லாயமாகவும் கிடங்காகவும் மாறிப்போன கட்டடத்துக்கு இடம் பெயர்ந்தார்கள். பல இனத்தார் இங்கே கலப்பதற்கு ஊரும் உதவியது. 1900-இல் ஏறக்குறைய 1 லட்சமாக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 1910-இல் 3 லட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலோர் புதிதாகக் குடியேறியவர்கள், சொந்த ஊரின் கண்காணிப்பு இல்லாதவர்கள்.

ஆனால் அதே ஊரில் மற்ற ஆலயங்களும் இருந்தன, அவற்றில் பெரும்பாலும் இப்படி யாரும் கலக்கவில்லை. வேறுபாடு உள்ளே இருந்தது. ஆணிப் பீப்பாய்களின்மேல் பலகை போட்டுச் செய்த இருக்கைகள். மரப்பெட்டிகள் இரண்டை அடுக்கி வைத்ததே பிரசங்க பீடம். அதுவும் மேடையில் அல்ல, அறையின் நடுவில், எல்லாரும் சுற்றி அமரும்படி. முன்வரிசை என்ற ஒன்று இல்லாத இடத்தில் முன்வரிசைக்குரியவர்கள் என்ற பேச்சும் எழாது. பாடுவதற்கும் சாட்சி சொல்வதற்கும் பட்டமோ பதவியோ கேட்கப்படவில்லை. சமையல்காரப் பெண் எழுந்து பேசினால் போதகர் உட்கார்ந்து கேட்டார். சபையின் பொறுப்புகளில் கறுப்பரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். அபுந்தியோ லோபஸ், ரோசா லோபஸ் என்ற மெக்சிகத் தம்பதியர் அங்கே ஊழியம் செய்தனர். பல மாநிலங்களில் பொது இடங்களில் இனத்துக்கு இனம் இருக்கை பிரித்துவைக்கச் சட்டமே இருந்த நாட்டில், இந்த அமைப்பை ஒருவரும் தற்செயலாகச் செய்திருக்க முடியாது.

இது பரிசுத்த ஆவியின் கிரியை, பீப்பாயும் பலகையும் செய்ததல்ல என்று நீ மறுக்கலாம். உன் விசுவாசத்தை மதித்தே சொல்கிறேன், அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார். பெந்தெகொஸ்தே நாளைக் கண்ட அதே எருசலேம் சபையில்தான், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் இன்னும் ஜெபியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் பக்கத்தாரிடமே பந்தி விசாரணை ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

அசூசாவில் சிக்கல் எழுந்ததும், பொறுப்பு யாரிடம் என்ற இந்த இடத்தில்தான். 1906 அக்டோபரில் வந்த பார்ஹாம், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆராதித்த விதத்தைச் சகிக்காமல் கண்டித்தார். சபை அவரை ஏற்காதபோது போட்டிக் கூட்டம் தொடங்கினார். 1908-இல் சபையின் பத்திரிகை போர்ட்லாந்துக்குப் போயிற்று; வாசகர்களின் முகவரிப் பட்டியலும் உடன் போனதால், உலகெங்கும் கடிதம் அனுப்பிய சபை ஒரே வீச்சில் ஊமையானது. 1911-இல் வில்லியம் டர்ஹாம் என்ற வெள்ளைப் பிரசங்கியார் பரிசுத்தமாகுதல் பற்றிய வேறொரு போதனையுடன் வந்து, சபையில் பெரும்பகுதியைத் தன் பக்கம் இழுத்தார். இவையெல்லாம் உபதேசச் சண்டைகள்தானே, இனம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. டர்ஹாமுடன் எழுந்தது உண்மையான உபதேச வேறுபாடு, அதை மறுக்கவில்லை. ஆனால் உபதேசம் மட்டுமே பிரித்திருந்தால் இரு பக்கத்திலும் இரு நிறத்தாரும் இருந்திருப்பார்கள். 1914-இல் ஹாட் ஸ்பிரிங்ஸில் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் ஏறக்குறைய முழுவதும் வெள்ளையரின் அமைப்பு. அதில் சேர்ந்தவர்களில் சிலர், அசூசாவில் அபிஷேகம் பெற்ற சார்லஸ் மேசன் என்ற கறுப்பினத் தலைவரின் சபையிலிருந்து ஊழியச் சான்றிதழ் பெற்றிருந்தவர்கள். மறு ஆண்டே சீமோர் தம் சபைக்கு எழுதிய விதிகளில், தலைமைப் பொறுப்புகள் கறுப்பினத்தவருக்கே என்று வைத்தார். வெள்ளையருக்குச் சபையின் கதவு திறந்தே இருந்தது. இது அவர் முன்பு போதித்ததற்கு நேர்மாறு என்று குறை சொல்வது எளிது. மூன்று முறை அடிபட்ட பின், தம் மக்களிடம் எஞ்சியிருந்த ஒரே கட்டடத்தைக் காக்க எழுதியது என்றே நான் வாசிக்கிறேன். அந்த விதியை எழுதும்போது அவர் பட்டிருக்கக்கூடிய வேதனை என்னை இன்றும் விடுவதில்லை.

இன்னொரு எதிர்வாதம் நம் நாட்டிலிருந்தே கிளம்பியது. மத்தியப் பிரதேசத்துத் தமோவில் பிறந்த மிஷனரி டொனால்ட் மெக்காவரன், சாதி வாரியாக மக்கள் கிறிஸ்தவத்துக்கு வந்ததைக் கூர்ந்து ஆராய்ந்தவர். இனத்தையும் மொழியையும் சாதியையும் தாண்டச் சொல்லாமல் அழைத்தால்தான் சபை வேகமாக வளரும் என்பது அவர் கண்ட முடிவு. மக்கள் எப்படி உள்ளே வருகிறார்கள் என்பதைப் பற்றி அது சரியாகவே இருக்கலாம். வந்த பின் எத்தனை தலைமுறைக்கு அப்படியே தனித்தனியாக இருப்பது என்பதற்கு அதில் விடை இல்லை. சாதிக்கொரு சபையும் சாதிக்கொரு கல்லறையும் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேகத்தையே அளவுகோலாகக் கொண்டாலும் அசூசா தோற்கவில்லை. தொடங்கிய சில மாதங்களிலேயே அங்கிருந்து புறப்பட்ட கார் என்ற மிஷனரித் தம்பதியர் கல்கத்தா வரை வந்துவிட்டார்கள்.

சீமோர் 1922-இல் மறைந்தார். கட்டடம் 1931-இல் இடிக்கப்பட்டது. 1948-இல் அமெரிக்கப் பெந்தெகொஸ்தே சபைகள் அமைத்த கூட்டமைப்பில் கறுப்பினச் சபை ஒன்றுகூட இல்லை. 1994-இல் மெம்பிஸ் நகரில் அந்தக் கூட்டமைப்பின் தலைவர்கள் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார்கள். அதோடு எழுந்து போகவில்லை. தங்கள் பழைய கூட்டமைப்பைக் கலைத்துவிட்டு, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த புதிய அமைப்பை உண்டாக்கி, மேசன் வளர்த்த சபையின் பிஷப் இத்தியல் கிளெமன்ஸைத் தலைவராக்கினார்கள்.

அன்புடன்,
அண்ணன்