எரியும் விளக்கு பொய் சொல்லுகிறதா?

(இளமறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

முன்னுரை

மாட்டு வண்டியின் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போதுமானதாக இருந்தது. விரைவு மிகுந்த இக்காலத்து ஊர்திகளோ காற்றின் மேல் ஓடுகின்றன. ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட காரின் எடை முழுவதையும் நான்கு டயர்களுக்குள் அடைபட்ட காற்றே தாங்கி நிற்கிறது. அக்காற்றுக் குறைந்தால் ஓட்டுநருக்கு அறிவிக்க, இன்றைய கார்கள் பலவற்றில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. குதிரை லாடம் போன்ற வளைவுக்குள் ஓர் ஆச்சரியக்குறி. அதுவே அதன் அடையாளம். இவ்விளக்குக் காரணமின்றி அடிக்கடி எரிகிறது என்பது ஓட்டுநர் பலருடைய குறை. அக்குறையை நாம் வகுப்பில் பயிலும் இயற்பியலைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கு பிறந்த கதை

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் தன் டயர்களுள் ஏறத்தாழ 65 இலட்சத்தைத் திரும்பப் பெற்றது. அவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டிருந்தவை. ஓடும்போதே டயரின் மேலடுக்குப் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்ததால் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே அந்நாட்டில் புதுச் சட்டம் பிறந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் காற்றழுத்தக் கண்காணிப்பு கட்டாயமாயிற்று. குறிக்கப்பட்ட அளவினின்று நான்கில் ஒரு பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அந்த விதி.

நம் நாட்டில் 2020-இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. டியூப் இல்லாத டயரும், பஞ்சர் ஒட்டும் கருவியும், இக்கண்காணிப்பும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று அத்திருத்தம் கூறுகிறது. ஸ்டெப்னி இல்லாத வண்டியில் இச்சிறு விளக்கின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மார்கழிக் காலையும் மஞ்சள் விளக்கும்

என் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுபவர். மார்கழி மாதத்தில் விடியற்காலை வண்டியைக் கிளப்பினால் விளக்கு எரியும். தொப்பூரை நெருங்குமுன் தானே அணைந்துவிடும். சேலத்தில் பெட்ரோல் பங்க்கில் காற்றைப் பார்த்தால், "28 பாயிண்டு இருக்குது, ஓட்டலாம்" என்பார்கள். மறுநாள் காலை மீண்டும் எரியும். சலித்துப்போய் அவ்விளக்கின் மேல் ஒரு கறுப்பு நாடாவை ஒட்டிவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "படிக்கிற பிள்ளைதானே! இது ஏன் பொய் சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லு" என்றார். அதற்கான விடை நம் பாடநூலிலேயே இருந்தது.

கன அளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று படித்திருக்கிறோம். டயரின் கன அளவு பெரிதும் மாறுவதில்லை. ஆதலால் இவ்விதி அதற்கும் பொருந்தும். ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு மிகுதி என்பதையே. ஆகவே கணக்கிடும்போது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்தில் அது சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, தருமபுரியின் உயரத்தில் ஏறத்தாழ 14 பவுண்டு.

அந்தக் காருக்குக் குறிக்கப்பட்ட அளவு 33 பவுண்டு. ஓடிச் சூடேறி, உள்ளிருக்கும் காற்று 45 பாகை செல்சியஸில் இருக்கும்போது 33 பவுண்டு அடிப்பதாகக் கொள்வோம். மொத்த அழுத்தம் 47 பவுண்டு, தனிவெப்பநிலை 318. மறுநாள் காலை 17 பாகையில், அதாவது 290-இல், மொத்த அழுத்தம் 47-ஐ 290-ஆல் பெருக்கி 318-ஆல் வகுத்தால் கிடைப்பது. அது ஏறத்தாழ 43. அதிலிருந்து 14-ஐக் கழித்தால் மானி 29 காட்டும். ஓர் ஊசித்துளையும் இல்லாமலே 4 பவுண்டு குறைந்துவிட்டது!

இத்துடன், நல்ல டயரிலும் ரப்பர் வழியே மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு பவுண்டு கசியும். நான்கைந்து மாதம் கவனியாது விட்டால் காலை அளவு 24.5 ஆகிவிடும். 33-இல் நான்கில் ஒரு பங்கு குறைந்தால் 24.75, அதற்கும் கீழே போனதால் விளக்கு எரிகிறது. வண்டி ஓடி டயர் மீண்டும் 45 பாகையை அடைந்ததும் மானி 28 காட்டும், விளக்கு அணையும். சேலத்து பங்க்கில் கண்ட 28 இதுவே! உண்மையில் அந்த டயர் 8 பவுண்டுக்கு மேல் காற்றுக் குறைந்த டயர். விளக்கு மெய்யையே சொல்லியிருக்கிறது. சூடான நேரத்தில் அளந்ததால் குறை மறைந்து போயிற்று.

மெய்யாகவே பொய் சொல்லும் இடங்கள்

விளக்கு தவறாக எரிவதும் உண்டு. அதை அறியக் கண்காணிப்பின் இரு வகைகளையும் அறிதல் நலம்.

முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் அழுத்தத்தை அளந்து வானொலி அலையால் செய்தி அனுப்பும் சிறு கருவி உண்டு. அதன் பேட்டரி 5 முதல் 10 ஆண்டுகள் வரை உழைக்கும். பேட்டரி தீர்ந்தாலோ, டயரைக் கழற்றும்போது கருவி உடைந்தாலோ, பஞ்சரை அடைக்க ஊற்றும் பசை அதன் துளையை மூடினாலோ செய்தி தடைப்படும். அப்போது பல கார்களில் விளக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் விட்டுவிட்டு மின்னி, பின்னர் நிலையாக எரியும். இது காற்றுக் குறைவைக் காட்டுவதன்று. கருவியின் பழுதைக் காட்டுவது.

இரண்டாம் வகையில் சக்கரத்தினுள் கருவி கிடையாது. காற்றுக் குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றே சிறுத்துவிடும். அதனால் அதே தொலைவைக் கடக்க அது கூடுதலாகச் சுழலும். பிரேக் அமைப்பிலுள்ள உணரிகள் அந்தச் சுழற்சியைக் கண்டுபிடிக்கின்றன. ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும் இருந்தால் இவ்வகை ஏமாறும். நான்கு டயர்களிலும் ஒரே அளவாகக் காற்றுக் குறைந்தால் எளிய அமைப்புகள் அதை அறியாமலே போகும்.

இவ்வகைக் கார்களில் காற்றடித்தபின் 'இதுவே சரியான அளவு' என்று கருவிக்கு உணர்த்த ஒரு பொத்தான் இருக்கும். காற்றை அடிக்காமல், விளக்கை அணைப்பதற்காக மட்டும் அதை அழுத்தினால், குறைந்த காற்றையே சரியான அளவாகக் கருவி கற்றுக்கொள்ளும். அதன்பின் உண்மையான ஆபத்திலும் அது வாய் திறவாமல் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டுவன

1. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றபின், டயர் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். எப்போதும் ஒரே மானியால் அளப்பது நன்று.

2. அடிக்க வேண்டிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டிய தாளில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் உள்ள எண் அந்த டயர் தாங்கக்கூடிய மேல் எல்லையாகும்.

3. சூடான டயரில் அளவு மிகுந்து காட்டுகிறதென்று காற்றை இறக்குதல் கூடாது.

4. ஒரே டயரில் மீண்டும் மீண்டும் குறைந்தால் வால்வு, ரிம் ஓரம், டயரின் மேற்பரப்பு ஆகியவற்றில் சோப்பு நீர் தடவினால், கசியும் இடத்தில் குமிழி தோன்றும்.

5. நான்கும் சரியான அளவில் இருந்தும் விளக்கு எரிந்தால், பொத்தானை அழுத்திச் சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம். விளக்கு மின்னி எரிந்தால் பணிமனையில் உணரியைச் சோதிக்க வேண்டும்.

முடிவுரை

'புலி வருது, புலி வருது' என்ற கதையை நாம் அறிவோம். கடைசியில் புலி வந்தபோது ஒருவரும் செவிசாய்க்கவில்லை. கறுப்பு நாடா ஒட்டிய விளக்கின் நிலையும் அதுவே. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், அதனால் சூடு ஏறும், அடுக்குகள் தளரும், விரைந்து ஓடும்போது வெடிக்கவும் கூடும். தருமபுரியிலிருந்து சேலம் செல்வோர் தொப்பூர்க் கணவாயின் சரிவில் இறங்கியாக வேண்டும். விபத்துகளுக்குப் பெயர்போன அச்சரிவில் ஒரு டயர் வெடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

சித்தப்பாவின் வண்டியில் இப்போது அந்த நாடா இல்லை. காலையில் குளிர்ந்த டயரில் 33 பவுண்டு அடித்தோம். அதன்பின் மார்கழிக் குளிரிலும் விளக்கு எரியவில்லை. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் ஒரு விதி, நம் வீட்டார் ஏறும் வண்டியைக் காக்கவும் வல்லது. ஆதலால் நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு விளக்கு எரிந்தால், அதைப் பொய் என்று தள்ளுமுன் ஒரு மானியை எடுத்து விடியற்காலையில் அளந்து பாருங்கள்.