குளம்பைக் கையில் எடு

ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. ரயில் வரும் இடத்தில் ஜட்கா நிற்கும். எங்கள் நைனாவின் ஜட்காவும் அந்த வாசலில்தான் நின்றது. துறைமுகத்துக்குச் சரக்கு இழுத்த வண்டி மாடுகளுக்கும் ஜட்கா குதிரைகளுக்கும் லாடம் அடித்துத்தான் நான் தொழில் பழகினேன். இப்போது சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் குதிரை வைத்திருக்கும் பையன்கள் தேடி வருகிறார்கள். "லாடம் வேணாம் தாத்தா, வெறுங்கால்லயே வச்சிருக்கோம். எண்டூரன்ஸ் ஓட்டுறப்ப மட்டும் குளம்புக்குப் பூட்ஸ் போடலாம்னு இருக்கோம்" என்கிறார்கள். நாற்பது, அறுபது, எண்பது கிலோமீட்டர் ஓட்டம் அது. நடுநடுவே மருத்துவர் சோதனையும் உண்டு. நான் சிரிக்கவில்லை. உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. பூட்ஸ் வாங்குமுன் காலைத் தூக்கிப் பார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நான்கு காலையும். நம் பக்கத்துச் சாலைகளில் கன்டெய்னர் லாரி உதிர்க்கிற நட்டும் போல்ட்டும் கம்பித் துண்டும் கிடக்கும். குளம்பின் நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது அல்லவா? அதன் இரண்டு பக்கப் பள்ளத்தையும் சுரண்டி, மோந்து பார். அழுகல் வாடை வந்தால் அன்றைக்குச் சவாரி இல்லை.

2. லாடத்தைக் கழற்றிய மறுநாளே வெறுங்கால் குதிரை கிடைத்துவிடாது. ஆணி ஓட்டை இருக்கும், அடிப்பகுதி மெலிந்திருக்கும். மயிர்க்கோட்டிலிருந்து புதுக் குளம்பு வளர்ந்து முன்நுனியில் தரையைத் தொட ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். அதுவரை பொறு. லாயத்துக்கு வெளியே கைக்கு அடங்கும் உருண்டைக் கல்லைக் கொட்டி, அதன்மேல் குதிரையை நிறுத்தினால் குளம்பு கெட்டிப்படும் என்று கிரேக்கத்து ஜெனபோன் சொல்லி இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

3. முதலில் சீவு, பிறகு அள. அரம் போட்டு ஒழுங்கு செய்த அன்றே காலைத் தாளின்மேல் வைத்துக் கோடு போடு. அகலம் எவ்வளவு, முன்நுனியிலிருந்து குதிகால் வரை நீளம் எவ்வளவு என்று மில்லிமீட்டரில் குறி. முன்னங்கால் குளம்பு வட்டமாக இருக்கும், பின்னங்கால் ஒடுங்கியிருக்கும். ஒரே அளவில் நான்கு வாங்கி வந்தவன் இரண்டைத் திருப்பிக் கொடுக்க அலைவான். நான்கு வாரத்துக்கும் ஆறு வாரத்துக்கும் இடையில் மறுபடி சீவ வேண்டும். சீவாமல் விட்டால் போன மாதம் பொருந்திய பூட்ஸ் இந்த மாதம் கடிக்கும்.

4. மாட்டுவதோடு வேலை முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பார். குளம்பு நிற்க, பூட்ஸ் மட்டும் சுழன்றால் அது பெரிசு. பிறகு சின்ன வட்டத்தில் இரண்டு பக்கமும் நடத்திப் பார். நேராக ஓடும்போது ஒழுங்காக இருக்கிற பூட்ஸின் குட்டு திரும்பும்போதுதான் வெளிப்படும்.

5. இது நான் செய்த தப்பு. ஆயிரம் லாடம் அடித்த கை என்ற திமிரில், புதுப் பூட்ஸ் மாட்டிய முதல் நாளே ஒரு பெட்டைக் குதிரையை எண்ணூர் முகத்துவாரம் வரை ஓட்டிப் போனேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது ஈர மணல் உள்ளே புகுந்துவிட்டது. திருவொற்றியூர் வந்ததும் அவள் பின்னங்காலைச் சுருக்கிச் சுருக்கி வைத்தாள். கழற்றிப் பார்த்தால், குதிகால் மெத்தையில் எட்டணா அகலத்துக்குத் தோல் இல்லை. அரம் பிடித்தே பிழைத்தவன் நான். மணலும் ஓர் அரம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளை வீடு வரை நடத்தியே கூட்டி வந்தேன். ஆகவே முதல் வாரம் இரண்டு, மூன்று கிலோமீட்டர் போதும். ஒவ்வொரு தடவையும் கழற்றி விரலால் தடவிப் பார். சூடோ சிவப்போ இல்லையென்றால் மட்டும் தூரத்தைக் கூட்டு.

6. தரையைப் படி. துறைமுகம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கரையில் குதிரை இறங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியக் குதிரைகளை மசூலா படகும் கட்டுமரமும் சூழக் கரையேற்றுவதை 1834-லேயே ஒருவர் ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார். ஆனால் அந்த நீண்ட மணல் இன்றைக்கு இல்லை. கடல் அரித்த இடமெல்லாம் பாறாங்கல் கொட்டிக் கிடக்கிறது; அதன்மேல் பூட்ஸோடும் ஏற்றாதே. பொதபொத மணலில் விரட்டினால் கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். வெயில் ஏறிய தார்ச்சாலை வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். சந்தேகப்படும் தண்ணீரில் கால் நனைக்க விடாதே. எக்ஸ்பிரஸ் சாலையில் பந்தயம் ஓட்டுகிறவன் என்னிடம் வரவே வேண்டாம்.

7. கடிகாரம் உனக்கு, நாடி குதிரைக்கு. சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28-லிருந்து 44 வரை துடிக்கும். போட்டியில் சோதனைக்கு நிறுத்தும்போது 64-க்குள் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே. கீழ்த்தாடையின் உள்விளிம்பில் விரல் வைத்துப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு சீக்கிரம் ஆறாது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்று. குடிக்கவும் கொடு.

8. ரணஜன்னி ஊசி தவறாதே. துருப்பிடித்த ஆணி குத்தினால் மனிதனைவிடக் குதிரைக்கு ஆபத்து அதிகம். ஆணி ஏறியிருந்தால் நீயே பிடுங்கி எறியாதே. எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று மருத்துவர் பார்க்க வேண்டும். வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெரு வைத்தியம் பார்த்து நாள் கடத்தாதே.

9. ஓட்டம் முடிந்ததும் கழற்று. நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போகக் கழுவி நிழலில் காயவை. ராத்திரி முழுக்க மாட்டியே வைத்தால் குளம்பு ஊறிப்போகும். நீள ஓட்டத்துக்குப் போகும்போது சேணத்தில் ஒரு பூட்ஸ் கூடுதலாகத் தொங்கட்டும். சேறு ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளாமல் விடாது.

10. லாடமா, பூட்ஸா என்று என்னிடம் வழக்குக் கொண்டு வராதே. ரோமானியர்களே குதிரைக் காலில் இரும்புச் செருப்பு கட்டியவர்கள். அமெரிக்காவில் 1955-லிருந்து நடக்கும் டெவிஸ் கப், ஒரே நாளில் நூறு மைல் மலைப்பாதை. 2012-ல் அதை ஜெயித்த குதிரைக்கு ஆணி அடிக்கவில்லை. பசை வைத்து ஒட்டிய பூட்ஸோடு ஓடியது. என் சுத்தியலுக்கு அதில் வருத்தமில்லை.

கடைசியாக ஒன்று. குதிரையின் வால்பக்கம் பார்த்து நில். தோளிலிருந்து கையை மெதுவாகக் கீழே இறக்கு. கணுக்காலுக்கு மேலே லேசாக அழுத்தி, "தூக்கு" என்று சொல். முதல் நாள் உதறும். பத்தாம் நாள் தூக்கும், ஆனால் விறைப்பாக. ஒருநாள் மூச்சை விட்டுவிட்டு, காலின் பாரம் முழுதையும் உன் உள்ளங்கையில் விடும். அன்றைக்குப் போய்ப் பூட்ஸ் வாங்கு.