பொருத்து வீடு: விலைக்குள் வராத அத்திவாரம்

திருகோணமலையில் கட்டடப் பொருள் வியாபாரம் செய்பவன் நான். "பொருத்து வீடு எடுத்தால் மலிவா நானா?" என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். ஊழியர் தங்க, வாடகைக்கு விட, கடற்கரையில் விடுதி அறை போட என்று நம் வியாபாரிகள் பலருக்கும் இதில் ஒரு கண். வீட்டின் விலையைப் பேரம் பேசுகிறார்கள். அது அமரப்போகும் அத்திவாரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தருவதாக 2015இல் அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கலாம். ஆர்சிலோர்மிட்டல் கம்பனி தெரிவாகியிருந்தது. ஒரு வீடு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்ததோ ஐந்தரை இலட்சம். விலையோடு அத்திவாரத்தின் பலம், துரு, வெப்பம் பற்றியும் பலத்த கேள்விகள் எழுந்தன. திட்டம் அறிவித்தபடி நடைபெறவில்லை. அரசாங்கத்திடம் கேட்ட அதே கேள்விகளை நாம் சொந்தப் பணத்தில் வாங்கும்போதும் கேட்க வேண்டும் அல்லவா?

செங்கல் வீட்டில் சுவர் ஓர் அங்குலம் விலகினால் மேசன் பூச்சில் சரிக்கட்டி விடுவார். தொழிற்சாலை வீட்டில் அது நடக்காது. அடித்தட்டின் துளைகள் அங்கேயே போடப்பட்டு வருகின்றன. அத்திவாரத்திலுள்ள போல்ட்டுகள் அவற்றுக்கு நேராக நிற்க வேண்டும். 20 அடிக்கு 8 அடி அளவென்றால் மூலைக்கு மூலை 21 அடி ஆறரை அங்குலம். இரு பக்கமும் அதே அளவு வர வேண்டும். கொங்கிரீட் போடுமுன் கம்பனியிடமிருந்து துளை மாதிரித் தகடொன்றைக் கேட்டு வாங்கி, போல்ட்டுகளை அதில் மாட்டி நிறுத்துங்கள். மட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் நீர்க்குழாய் வைத்துப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய்க்கும் வயருக்கும் வழி அப்போதே விட வேண்டும்.

கடந்த ஆண்டு கிண்ணியாப் பக்கம் ஒருவருக்கு வீடு வந்து இறங்கியது. போல்ட்டுகள் ஓர் அங்குலம் விலகியிருந்தன. கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓட, போல்ட்டை வெட்டிப் புதிதாகத் துளையிட்டார்கள். அத்திவாரம் போட்டவர் கம்பனியைக் கை காட்டினார், கம்பனி அவரைக் கை காட்டியது. செலவு வாங்கியவர் தலையில்.

போல்ட் வெறும் ஒட்டு வேலை அல்ல. செங்கல் வீட்டை அதன் பாரமே பிடித்து வைக்கும். இலேசான வீட்டைக் காற்று மேலே தூக்கப் பார்க்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரை கடந்தது. எனவே அத்திவாரத்தின் பாரமும் கணக்கில் வர வேண்டும்: ஒரு கன அடி கொங்கிரீட் ஏறத்தாழ 68 கிலோ. கடல் மணலை மட்டும் கலக்க விடாதீர்கள், உப்பு கம்பியைத் தின்றுவிடும். போல்ட் நாகப்பூச்சு இட்டதாக இருக்கட்டும்.

கூறுவிலையில் அத்திவாரம், கிரேன், ஏற்றிறக்கம் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். சொல்லிச் செய்வித்து வாங்கும் இஸ்திஸ்னா ஒப்பந்தத்திலும் பொருளின் அளவு, தன்மை, விலை முன்கூட்டியே தெளிவாக வேண்டும். என் அபிப்பிராயத்தில், கடைசித் தவணையை வீடு போல்ட்டில் இறுகிய பிறகே கொடுப்பது நல்லது.

தூக்கி வைக்கும் பெட்டிக்கு அனுமதி எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயம். முற்பணம் கொடுக்குமுன் பிரதேச சபையிலும் கரையோரம் பேணல் திணைக்களத்திலும் விசாரியுங்கள்.

கொங்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள் கணக்கு. ஆகஸ்டில் அத்திவாரம் போட்டால் செப்டம்பர் கடைசியில் வீட்டை இறக்கலாம். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால், 40 அடி ட்ரெய்லரை நம் ஒழுங்கைகளில் கொண்டுபோவது பெரும் பாடு.