சரளைப் பாதையும் சைக்கிள் டயரும்

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வெளியூர்ப் பக்கம் போய் வருவது என் நெடுநாள் பழக்கம். சைதாப்பேட்டையில் வீடு. விடியுமுன் புறப்பட்டு, மறைமலையடிகள் பாலத்தின் மேல் அடையாற்றைக் கடப்பேன். (1726இல் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் பாலம் கட்டிக் கொடுத்த இடம் இது. இப்போது இருப்பது பிற்காலத்தில் கட்டிய புதுப் பாலம்.) பிறகு கிண்டி, போரூர் வழியாகக் குன்றத்தூர். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அங்கிருந்து செம்பரம்பாக்கம் ஏரியின் பக்கமாகத் திரும்பினால் தார்ச்சாலை முடிந்து, சரளையும் செம்மண்ணும் கலந்த பாதைகள் தொடங்கிவிடும்.

அப்பாதைகளில் ஒன்றை ஒட்டிய சிற்றூரில் என் அக்காள் இருக்கிறாள். அவள் மகள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. அரசு கொடுத்த மிதிவண்டியில் பள்ளிக்குப் போகிறாள். மூன்று கிலோமீட்டர் சரளைப் பாதை, ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலை. சில மாதங்களுக்கு முன் நான் அங்கே போயிருந்தபோது, "மாமா, மாலை சிறப்பு வகுப்பை நிறுத்திடலாம்னு அப்பா சொல்றாரு. வீடு வர்றதுக்குள்ள இருட்டிடுது" என்றாள். சைக்கிளில் வரும்போதுமா இருட்டுகிறது என்று கேட்டேன். "அந்தக் கல்லுல மிதிக்கவே முடியலை. கை மரத்துப் போகுது. பாதி வழி தள்ளிக்கிட்டுத்தான் வர்றேன். காத்தெல்லாம் கல்லு மாதிரி அடிச்சுத்தான் வெச்சிருக்கேன்!" என்றாள்.

அவளுடைய கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல் இருந்தது. காற்று கல்போல் இருந்தால் வண்டி இலகுவாக ஓடும் என்பது நாம் எல்லோரும் நம்பும் செய்தி. அது எந்தச் சாலையில் உண்மை?

சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில் மின்சார ரயில் வந்து நிற்பதைப் பாருங்கள். இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். இரண்டும் கடினமானவை, இரண்டும் வழவழப்பானவை. சக்கரம் நசுங்குவதில்லை, ஆகவே நசுங்குவதில் ஆற்றல் வீணாவதும் மிகக் குறைவு. ரப்பர் டயரோ தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மேலே போகும்போது நிமிர்கிறது. நசுக்குவதற்கு நாம் கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. காற்றை மிகுதியாக அடித்தால் டயர் குறைவாக நசுங்கும், இழப்பும் குறையும். இதுவரை நம் நம்பிக்கை சரியே. ஆனால் ஒரு நிபந்தனை: தரை தண்டவாளம் போல் வழவழப்பாக இருக்க வேண்டும்.

சரளையில் என்ன நடக்கிறது? சக்கரத்துக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள கல் வருகிறது. டயர் மிருதுவாக இருந்தால், கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு கடந்துவிடும், வண்டி உயராது. டயர் கல்போல் இருந்தாலோ கல்லும் கல்லும் மோதியதாகும். வண்டியும் அதன் மேல் இருப்பவரும் அந்த ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கப்பட வேண்டும். அக்காள் மகளின் எடை, சைக்கிள், புத்தகப் பை மூன்றும் சேர்ந்து 70 கிலோ. இதில் பின் சக்கரம் தாங்குவது ஐந்தில் மூன்று பங்கு என்று கொண்டால் 42 கிலோ. இதை ஒரு சென்டிமீட்டர் தூக்க 42 × 9.8 × 0.01, அதாவது சுமார் 4 ஜூல் வேலை செய்ய வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு கல் என்றால், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும்போது நொடிக்கு 6 கற்கள். 24 ஜூல், ஆகவே திறன் 24 வாட். நிதானமாக மிதிக்கும் ஒருவரின் கால்கள் தரும் திறனே 75 வாட் அளவுதான்! கல்லிலிருந்து இறங்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், உண்மை. மீதி எங்கே போகிறது? குலுங்கும் தசைகளில், மரத்துப்போன கைகளில் வெப்பமாகப் போய்விடுகிறது. கை மரத்ததும் கால் ஓய்ந்ததும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

இதைக் கண்டவர்களில் முக்கியமானவர் ஒரு கால்நடை மருத்துவர். ஜான் பாய்டு டன்லப் என்பது பெயர், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தொழில். 1887இல் தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் குழாயை ஒரு மரவட்டின் மேல் பொருத்தினார். அதையும் வண்டியின் பழைய சக்கரத்தையும் தம் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதியில் விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தைக் கடந்து, வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பியதாம். 1888இல் காப்புரிமை பெற்றார். (ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்சன் 1845லேயே இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தது பின்னர் தெரியவந்தது. அப்போது சைக்கிளே சரியாகப் பிறக்கவில்லை; பாவம், முந்திக்கொண்டார்.) 1889இல் பெல்பாஸ்ட் பந்தயங்களில் வில்லியம் ஹியூம் என்பவர் காற்று டயரில் ஓட்டி வென்றார். காற்று டயரைச் சொகுசுக்கு உரியது என்றே பலரும் நினைக்கிறார்கள். டன்லப்பின் முற்றத்தில் அது தூரத்தால் வென்றது, பந்தயத்தில் வேகத்தால் வென்றது.

டன்லப் செய்த சோதனையைத்தான் நாங்களும் செய்தோம். அதற்கு முன் ஓர் இடையூறு. நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் ட்யூபில் இருப்பது சிறு ரப்பர் வால்டியூப் செருகிய அடைப்பு. இதில் அழுத்தமானியை வைத்து நேராக அளக்க இயலாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதோ ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே அவள் செய்முறை நோட்டிலிருந்து வரைபடத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.

வழி இதுதான். பின் டயரின் அடிப்பகுதியில் முத்திரை மையைத் தடவுங்கள். கீழே பலகை, அதன் மேல் வரைபடத் தாள். சைக்கிளை இருவர் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் பையோடு ஏறி வழக்கம்போல் அமரட்டும். பிறகு இறங்கி, சக்கரத்தைத் தூக்கித் தாளை எடுங்கள். டயரின் தடம் நீள்வட்டமாகப் பதிந்திருக்கும். அதன் வெளிக்கோட்டுக்குள் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று எண்ணுங்கள்; டயரின் பள்ளங்கள் வெள்ளையாக இருந்தாலும் அவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். பின் சக்கரத்தின் மேல் உள்ள எடையை எடைக்கருவியில் பார்த்துக்கொள்ளலாம். (முன் சக்கரத்துக்கு அடியிலும் அதே உயரத்துக்குக் கட்டை வையுங்கள்.) அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது அல்லவா? தரையைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் உள்ளே உள்ள காற்றே. எனவே எடையைப் பரப்பால் வகுத்தால் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய வந்துவிடும். டயரின் விறைப்பும் சிறு பங்கு தாங்குகிறது. நமக்கு அது பெரிய பிழையன்று.

"கல்லு மாதிரி" இருந்த டயரின் தடம் 10 சதுர சென்டிமீட்டர். 42 கிலோ எடை என்பது சுமார் 410 நியூட்டன். ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 41 நியூட்டன். கடைக்காரர் கணக்கில் இது சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினோம். தடம் 18 சதுர சென்டிமீட்டர் ஆனபோது நிறுத்தினேன். தீப்பெட்டியின் மேல்முகத்தை ஒட்டிய பரப்பு. அழுத்தம் 33 பவுண்டு.

இனி உருட்டும் சோதனை. ஊருக்கு வெளியே கரைமேட்டிலிருந்து இறங்கும் ஒரு சரளைச் சரிவு இருக்கிறது. மேட்டில் ஒரு கோடு கிழித்து, அங்கிருந்து மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் உருண்டு வரச் சொன்னேன். அதே ஆள், அதே பை, அதே தடம், அதே குனிவு. ஐந்து முறை. கல்போன்ற டயரில் ஐந்து முறையும் வண்டி சரிவின் கீழுள்ள புளியமரத்துக்கு முன்னாலேயே நின்றது. காற்றை இறக்கிய பின் ஐந்து முறையும் மரத்தைத் தாண்டிப் போய் நின்றது. "காத்து கம்மியானா எப்படி மாமா அதிக தூரம் போகும்?" என்று அவள் கேட்டாள். மேலே எழுதிய 4 ஜூல் கணக்கை மரத்தடியில் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள். தார்ச்சாலைச் சரிவிலும் செய்யுங்கள். அங்கே விடை வேறாக வரக்கூடும்.

அப்படியானால் இன்னும் இறக்கலாமே? கூடாது. எல்லை ஒன்று உண்டு. அழுத்தம் மிகக் குறைந்தால் கூரான கல் டயரை முழுவதும் அமுக்கி, ட்யூபை ரிம்மோடு சேர்த்து நசுக்கும். அப்போது பாம்பு கடித்த தடம்போல் இரண்டு துளைகள் அருகருகே விழும். பஞ்சர் ஒட்டும்போது இப்படி இரட்டைத் துளை கண்டால் குற்றவாளி முள் அன்று, காற்றுக் குறைவு. திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் சரிவதும் உண்டு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் தாங்கும் எடை குறைவு. அதில் இன்னும் சற்றுக் குறைவாக வைக்கலாம். கேரியரில் தம்பியை ஏற்றினால் பின்னால் கூட்ட வேண்டும்.

இந்த எல்லையைக் கீழே தள்ள ஒரு வழி, அகன்ற டயர். அகலம் கூடினால் உயரமும் கூடும். கல் ரிம்மைத் தொட நெடுந்தூரம் போக வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை சொல்கிறேன். இன்று உலகெங்கும் 'கிராவல் பைக்' என்று ஒரு வகை பரவியிருக்கிறது. கிராவல் என்றால் சரளை. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியா ஊரில் 2006 முதல் சரளைச் சாலைகளிலேயே 200 மைல் பந்தயம் நடத்துகிறார்கள். 2022இல் இத்தாலியில் முதல் உலகச் சரளைப் போட்டியும் நடந்தது. என் பழைய மாணவர் ஒருவர் அத்தகைய வண்டி ஒன்றை வாங்கி, என்னிடம் பெருமையாகக் காட்டினார். டயரின் அகலத்தை வெர்னியரால் அளந்தோம்: ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். என் பழைய கறுப்பு சைக்கிளின் 28 அங்குல டயரையும் அளந்தோம். அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். நம் தபால்காரரும் பால்காரரும் கப்பிச் சாலைகளில் ஓட்டிய சைக்கிள் அந்த அளவில்தான் இருந்தது. இடையில் மெல்லிய டயர் மோகம் வந்து போயிருக்கிறது, அவ்வளவே.

ஆனால் அவர் வண்டி என் வண்டியைவிட மேலானது என்பதை மறைக்க மாட்டேன். எடை பாதி. மழையிலும் பிடிக்கும் வட்டு பிரேக். எல்லாவற்றுக்கும் மேலாகப் பற்சக்கரங்கள். என் சைக்கிளில் முன்னே 44 பற்கள், பின்னே 18. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் 2.44 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர்; ஆகவே ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் போகிறேன். அவருடையதில் 40க்கு 42 என்று மாற்றிக்கொண்டால் ஒரு மிதிக்கு 2.1 மீட்டர்தான். தூரம் குறைந்தால் காலுக்கு வேண்டிய விசையும் அதே அளவில் குறையும். சரளை மேட்டில் இதுதான் உயிர். எழுந்து நின்று அழுத்தி மிதித்தால் உடல் எடை முன்னே போய், பின் சக்கரம் பிடிப்பிழந்து சுழன்றுவிடும். உட்கார்ந்தபடியே இலகுவாக மிதிக்கச் சிறிய கியர் வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கும் வழி இருக்கிறது. பின்னாலுள்ள 18 பல் ஃப்ரீவீலை 22 ஆக மாற்றினால் விசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயினை மட்டும் சற்று நீட்ட வேண்டியிருக்கும்.

புதிதாக வாங்குபவர்கள் நிறத்தைப் பார்க்கும் முன் டயருக்கும் ஃபோர்க்குக்கும் இடையே விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் போகாவிட்டால் அகன்ற டயர் ஏறாது. மழைக்காலச் செம்மண் மட்கார்டில் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. இருக்கையின் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முழங்கையைச் சற்று மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்; கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

பிரேக் விஷயத்தில் நான் அடிபட்டுக் கற்றவன். சென்ற ஆண்டு அதே பாதையில் ஒரு திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். உதிரிக் கற்களின் மேல் டயருக்குக் கிடைக்கும் உராய்வு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையே திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் பங்கிட வேண்டும். நான் இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகக் கேட்டேன். முழங்கையில் தழும்பு இருக்கிறது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்ட பிறகு திரும்புங்கள்.

இவ்வளவு தொல்லைப்பட்டு ஏன் அங்கே போக வேண்டும் என்று என் சக ஆசிரியர் கேட்கிறார். போரூர்ச் சாலையில் லாரிச் சத்தத்தைத் தவிர எதுவும் காதில் விழாது. ஏரிப் பக்கத்துப் பாதையில் கல் நெறிபடும் ஓசை மாறுவதை வைத்தே மண் மாறுவது தெரியும். கொக்குகள் நாம் பக்கத்தில் போகும்வரை பறப்பதில்லை. அவரை ஒருமுறை அழைத்துப் போக வேண்டும்.

அக்காள் மகள் இப்போது பாதையைத் தள்ளாமல் ஓட்டியே கடக்கிறாள்; இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். சிறப்பு வகுப்பு நிற்கவில்லை. பின் ஃப்ரீவீலையும் மாற்றிக் கொடுத்தேன். ஒரே ஒரு தொல்லை மிச்சம். காற்றடிக்கும் கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்த்து, "என்னம்மா, காத்தே இல்லையே!" என்று பரிவோடு கல்போல் அடித்து அனுப்புகிறாராம். அவள் தெருமுனை திரும்பியதும் இறங்கி, வால்டியூபைத் தளர்த்திக்கொள்கிறாள்.