தாத்தாவின் ரைஃபிள் திறக்க மறுக்கிறதா?

கேள்வி: தாத்தாவின் .22 ரைஃபிள், உரிமத்தோடு என் கைக்கு வந்திருக்கிறது. பல வருடம் பெட்டியில் கிடந்ததால் போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா? – குன்னூர் வாசகர்

பதில்: சுத்தியலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். .22 ரிம்ஃபயர் தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து அதன் விளிம்புக்குள்தான் இருக்கிறது. உள்ளே பழைய தோட்டா கிடந்தால் ஓர் அடியிலேயே அது வெடித்துவிடலாம். ஆகவே தோட்டா இருப்பதாகவே எண்ணி, குழலை மண்மேட்டை நோக்கி வைத்து, மேகசீனைக் கழற்றுங்கள். சேஃப்டியையும் பாருங்கள், சில ரைஃபிள்களில் அது போல்ட்டைப் பூட்டிவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி, காய்ந்து பிசினாகிவிட்ட பழைய எண்ணெய்தான். போல்ட் இடுக்குகளில் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கைப்பிடியை உள்ளங்கையால் மேல்நோக்கித் தள்ளுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தும் அசையாவிட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

திறந்ததும் சேம்பர் காலியா என்று கண்ணால் பாருங்கள். போல்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். வெறும் சேம்பரில் டிரிகரை இழுத்துப் பார்க்காதீர்கள். சுடும் ஊசி பட்டு, சேம்பரின் விளிம்பில் பள்ளம் விழலாம். பொறுமையாகச் செய்தால், தாத்தாவின் ரைஃபிள் உங்கள் பேரனுக்கும் உழைக்கும்.