பல் வெள்ளையாக வேண்டுமா? கறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்



இந்த மாதப் பாடம் பல்லைப் பற்றியது. "பல்லுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று நினைக்க வேண்டாம். தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

அன்று மாதக் கூட்டம். சேமிப்புப் பணம் வாங்கி முடித்ததும், யாருக்கு உள்கடன் வேண்டும் என்று ஊக்குநர் கேட்டார். ஒரு அக்கா 10,000 ரூபாய் கேட்டார். எதற்கு என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பொண்ணுக்குப் பல்லு மஞ்சளா, காப்பிக் கலர்ல கோடு கோடா இருக்குது. ரெண்டு இடத்துல இருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க, பதிலே இல்ல. டவுன்ல ஒரு அழகு நிலையத்துல பல்லை வெள்ளை பண்ணித் தர்றாங்களாம்."

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்ணுக்கு 20 வயது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினாள். பச்சைத் தண்ணீர் குடித்தால்கூடப் பல் கூசுகிறது என்றாள். "என்ன போட்டும்மா தேய்ச்ச?" என்று கேட்டேன்.

"முதல்ல செங்கப்பொடியும் கரித்தூளும் போட்டேன் மேடம். அப்புறம் நீங்க சொன்னதா அம்மா சொன்னாங்க. ஆறு மாசமா உப்பும் எலுமிச்சம்பழமும் வச்சுத் தேய்க்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அதற்கு முந்தைய வருடம் ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டபோது, "எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும்" என்று நான்தான் சொன்னேன். நான் படித்தது சமூகப் பணி. பல் மருத்துவம் இல்லை. காதில் கேட்டதை அப்படியே சொல்லிவிட்டேன். அது தவறு. அந்தத் தவறைத் திருத்தத்தான் இந்தப் பாடம்.

மறுவாரம் மூன்று பேரும் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா விளக்கியதையும், அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஈயம் பூசின பாத்திரம் மாதிரி

நம் பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரத்தில் உள்ளே ஈயம் பூசியிருப்பார்கள். மண்ணைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? ஈயம் போய், அடியில் இருக்கிற மஞ்சள் பித்தளை தெரியும்.

பல்லும் அப்படித்தான். மேலே எனாமல் என்ற ஓர் உறை இருக்கிறது. நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான், எலும்பைவிடக் கடினம். அதற்கு அடியில் இருப்பது டென்டின். அதன் நிறமே மஞ்சள். கரகரப்பானதைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க எனாமல் மெலிகிறது, உள்ளே இருக்கிற மஞ்சள் வெளியே தெரிகிறது. வெள்ளையாக்கத் தேய்க்கிறோம், பல் இன்னும் மஞ்சளாகிறது. கூச்சமும் சேர்ந்துகொள்கிறது.

பாத்திரத்துக்கு மறுபடி ஈயம் பூசலாம். தேய்ந்துபோன எனாமல் திரும்ப வளராது. இதை மட்டும் மறக்காதீர்கள்.

கறையில் இரண்டு வகை

ஒன்று, மேல் கறை. டீ, காப்பி, வெற்றிலை பாக்கு, புகையிலை ஆகியவற்றால் வருவது. சரியாகத் துலக்காததால் படிகிற காரையும் இதில் சேரும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து டானிக்கால் வருகிற கறுப்பும் மேல் கறைதான். டாக்டர் சுத்தம் செய்தால் போய்விடும். கறை படிகிறது என்று டானிக்கை நிறுத்திவிடாதீர்கள். கொடுத்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், போதும். நாம் விழுங்குகிற இரும்புச்சத்து மாத்திரையால் பல்லில் கறை வராது.

இரண்டு, உள் கறை. இது பல் உருவாகும்போதே உள்ளே ஏறிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நாம் அதிகம் பார்ப்பது ஃபுளோரைடு கறை. பாறைக்கு அடியிலிருந்து வருகிற போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமாக இருந்தால், அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டோ, மஞ்சள் அல்லது காப்பி நிறக் கோடோ வரும். டெட்ராசைக்ளின் என்ற மாத்திரையை 8 வயதுக்கு முன் கொடுத்தாலும் பல்லில் நிறம் ஏறும். அடிபட்ட ஒரே ஒரு பல் மட்டும் கறுத்தால் அதுவும் உள் கறைதான். அதை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உள் கறையை எந்தப் பொடியாலும் தேய்த்து எடுக்க முடியாது. நூலிலேயே சாயம் ஏறிய சேலையைத் துவைத்து வெள்ளையாக்க முடியுமா? அந்தப் பெண்ணுக்கு இருந்தது ஃபுளோரைடு கறை. அவள் தேய்த்ததில் கறை போகவில்லை, எனாமல்தான் போனது.

இவற்றைச் செய்யாதீர்கள்

செங்கல் பொடி, மணல், சாம்பல், கரித்தூள், உமிக்கரி, கல் உப்பு எதையும் பல்லில் போட்டுத் தேய்க்காதீர்கள். கடையில் விற்கிற பல்பொடியையும் விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் வேண்டாம்.

எலுமிச்சை, புளி, வினிகர் வேண்டாம். சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்து போடுவதும் வேண்டாம். புளிப்பு எனாமலைக் கரைத்து இளக்கிவிடும். இளகின நேரத்தில் உப்பை வைத்துத் தேய்த்தால் இரட்டை நஷ்டம். புளிப்பாக எதையாவது சாப்பிட்டாலும் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும்.

புகையிலை கலந்த பொடியால் பல் தேய்க்காதீர்கள். பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. தேய்த்தால் பல்வலி அடங்குவது போலத் தோன்றும். ஆனால் பழக்கமாகிவிடும், வாய்ப்புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

சந்தையில் ஏதோ திரவத்தைத் தடவிப் பல்லை வெளுக்க வைப்பவரிடமும், டாக்டர் இல்லாத அழகு நிலையத்திலும் வாயைத் திறக்காதீர்கள். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அது அமிலமாக இருந்தால் எனாமலும் போகும், ஈறும் வெந்துவிடும்.

இவற்றைச் செய்யுங்கள்

மென்மையான நாருள்ள பிரஷ் வாங்குங்கள். வாங்கும்போதே 'சாஃப்ட்' என்று கேளுங்கள். காலையில் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை, இரண்டிரண்டு நிமிடம் துலக்குங்கள். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக மெதுவாகச் சுற்றுங்கள். அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி வேண்டாம். நார் விரிந்துவிட்டால், இல்லை மூன்று நான்கு மாதம் ஆகிவிட்டால், பிரஷை மாற்றுங்கள்.

வேப்பங்குச்சி பழக்கம் உள்ளவர்கள் நுனியை நன்றாக மென்று பூப்போல ஆக்கி, மெதுவாகத் துலக்குங்கள். முரட்டுக் குச்சியால் ஈறைக் குத்தாதீர்கள்.

டீ குடித்தாலும் வெற்றிலை போட்டாலும் உடனே வாயைக் கொப்பளியுங்கள். முடிந்தால் பாக்கை விட்டுவிடுங்கள். கறை சின்ன விஷயம். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். வாயில் புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலும், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தாலும், வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போனாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

காரை படிந்திருந்தால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பல பேருக்கு மஞ்சள் போக இது ஒன்றே போதும். இயற்கையிலேயே பல் பால் வெள்ளையாக இருக்காது, லேசான மஞ்சள் கலந்துதான் இருக்கும். டிவி விளம்பரத்தில் வருகிற பல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

உள் கறைக்கும் வைத்தியம் உண்டு. பல் டாக்டர் அளவாக மருந்து வைத்து வெளுக்க வைக்கலாம், மேல்பகுதியை மிக லேசாகச் சீராக்கலாம், பல் நிறத்திலேயே ஒரு பூச்சு வைக்கலாம். எது யாருக்குப் பொருந்தும் என்று பல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெளுக்க வைத்தால் சில நாள் கூச்சம் இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கிற தாய்மார்களுக்கும், 18 வயது ஆகாதவர்களுக்கும் வெளுக்கிற வைத்தியம் வேண்டாம்.

கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்விகள்

*"கிளீன் பண்ணினா பல்லு ஆடுமாமே, மேடம்?"*
ஆடாது. ஈறு கெட்டு ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் அந்த ஆட்டம் தெரியும். காரையை அப்படியே விட்டால் ஈறு இன்னும் கெடும்.

*"மாசமா இருக்கறப்ப பல் ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"*
போகலாம். அந்த நேரத்தில் ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். கர்ப்பமாக இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

*"ஃபுளோரைடு கெடுதல்னா பேஸ்ட்ல ஏன் போடறாங்க?"*
நல்ல கேள்வி. பேஸ்டில் இருப்பது பல்லின் மேலே பட்டு, சொத்தை வராமல் காக்கும். அதை நாம் துப்பிவிடுகிறோம். தண்ணீரில் இருப்பது உடம்புக்குள் போகிறது. சின்னப் பிள்ளைகள் பேஸ்டை விழுங்கிவிடுவார்கள். 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு போதும். பக்கத்தில் நின்று துப்பச் சொல்லுங்கள். ஃபுளோரைடு தண்ணீர் உள்ள ஊரில் பிள்ளைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்று டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த பிள்ளைக்கு வராமல் தடுக்கலாம்

அந்தப் பெண்ணுக்குப் பல் உருவான வயதில் வீட்டில் போர் தண்ணீர்தான். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கவே காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த வீட்டின் சின்னப் பெண்ணுக்கு 12 வயது. அவள் பல்லிலும் மஞ்சள் கோடு! "ஆத்துத் தண்ணி தினமும் வர்றதில்ல மேடம். வந்தா குடிக்க வச்சுக்குவோம். சோறு, குழம்பு, டீ எல்லாம் போர் தண்ணியிலதான்" என்றார் அம்மா.

சமைக்கிற தண்ணீரும் உடம்புக்குள்தானே போகிறது? காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில்கூட 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பிறந்தது முதல் 8 வயது வரைதான் முன்பல்லுக்கு முக்கியமான காலம். அந்த வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர். துணி துவைக்க, பாத்திரம் கழுவ, மாட்டுக்குப் புழங்கப் போர் தண்ணீர். இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம்.

அந்தப் பெண் இப்போது

காரையைச் சுத்தம் செய்தார்கள். கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் கொடுத்தார்கள். தேய்ப்பதை நிறுத்திய பிறகு, சில வாரத்தில் கூச்சம் பாதி குறைந்தது. முன்பல் இரண்டுக்கும் பிறகு பூச்சு வைத்தார்கள். மற்ற பல்லில் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. தேய்ந்த எனாமல் தேய்ந்ததுதான். ஆனால் போன மாதம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்தபோது, வாயை மறைக்காமல் பேசினாள். அழகு நிலையத்துக்கு என்று கேட்ட 10,000 ரூபாய்க் கடனை அவள் அம்மா வாங்கவே இல்லை.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் வீடுகளில் யார் யார் என்ன போட்டுப் பல் துலக்குகிறோம்?
2. 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் எந்தத் தண்ணீரில் சமைக்கிறோம்?
3. நம் ஊர் போர் தண்ணீரை யார், எந்தத் தேதியில் சோதனைக்கு எடுத்துப் போவது?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சோதனை முடிவு வந்ததும் கூட்டமைப்புக்குத் தெரியப்படுத்துங்கள். தண்ணீர் சரியில்லை என்றால் கிராமசபையில் நாம் எல்லோரும் சேர்ந்தே கேட்போம்.